மூன்று மெஷினும் புஷ்பா அக்காவும்

ஒரே வேலையை ரொம்ப வருஷம் செய்தவர்களோடு குடும்பம் நடத்துவது கஷ்டம். எனக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் கல்யாணப் பந்தியிலும் "வரிசையா நில்லுங்க" என்பார். பஸ் ஓட்டுகிற ஒருவர் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கும்போதுகூட இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவள் நான். பினாங்கில், பாயான் பாருவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அதுவும் கிளீன்ரூம் என்கிற தூசியில்லா அறையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண் மட்டும்தான் வெளியே தெரியும். உள்ளே போகுமுன் ஒரு சின்னக் கூண்டுக்குள் நின்று கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும். நாலா பக்கமும் காற்று அடித்து நம் மேலிருக்கிற தூசியை ஊதித் தள்ளிவிடும். அந்த அறையில் யாருடைய தலைமுடி விழுந்தாலும் அடுத்த நிமிஷம் நான் அங்கே நிற்பேன். அதனால், காற்றைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது என் கொள்கையாக இருந்தது. (கொள்கை என்று மரியாதையாகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் குணா இதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருந்தார்.)

எங்கள் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வயது. அந்த வருஷம் புகைமூட்டம் மோசம். வழக்கம்போலக் கடல் தாண்டி எங்கோ காடு எரிந்தது, வழக்கம்போல நாங்கள் இருமினோம். புகை போன பிறகு ஊர் முழுக்க இருமலை நிறுத்திவிட்டது, யாழினி மட்டும் நிறுத்தவில்லை. படுத்தால் நெஞ்சு இழுக்கும். ஒரு பூனைக்குட்டி உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரிச் சத்தம் வரும். கிளினிக்கில் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். டாக்டரம்மா இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டு, "மருந்த நான் பாத்துக்கிறேன். வீட்டுக் காத்த நீங்க பாத்துக்குங்க" என்றார்.

இந்தச் செய்தி தைப்பிங் ஊரில் இருக்கிற புஷ்பா அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா என் வீட்டுக்காரரின் மூத்த சகோதரி. மாமியார் சீக்கிரமே போய்விட்டதால் குணாவை வளர்த்து ஆளாக்கியவர். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பையன்கள் இருவரும் சிங்கப்பூரில். ஏரிப் பூங்காவுக்குப் பக்கத்தில் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். அன்றைக்கே எனக்கு ஃபோன் வந்தது.

"இந்தா பாரு மல்லிகா, நான் சண்டைக்கு வரல. புள்ளைக்கு இழுக்குற சத்தம் ஃபோன்லயே கேக்குது. உங்களுது பழைய வீடு, வாசல்லயே ரோடு. இங்க மழை பேஞ்சு பேஞ்சு காத்தக் கழுவிக் காயப்போட்ட மாதிரி இருக்கு. புள்ளைய இங்க அனுப்பிடு. முதலாம் ஆண்டு இங்கயே தமிழ்ப் பள்ளியில சேத்துருவோம்."

நான் ஃபோனைக் குணாவிடம் கொடுத்தேன். அவர் பேசி முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்தார். "அக்கா சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லயே லா. சனி ஞாயிறு போய்ப் பாத்துக்கலாம்" என்றார். நான் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஹாலில் ஏதோ வேலை இருப்பதாகப் போய்விட்டார்.

பெற்ற பிள்ளையைச் சனி ஞாயிறு போய்ப் பார்ப்பதாம். ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சில்லுக்கு வேண்டிய காற்றைச் சுத்தமாக வைக்கத் தெரிந்தவளுக்கு, தன் பிள்ளைக்கு வேண்டிய காற்றைச் சுத்தமாக வைக்கத் தெரியாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்கு நானே ஃபோன் போட்டேன்.

"அக்கா, தீபாவளிக்கு இங்க வாங்க. எங்க ஹால்ல உக்காந்து மூச்சு விட்டுப் பாருங்க. தைப்பிங் காத்தவிட ஒரு சொட்டு கம்மின்னாலும் நீங்களே புள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

"சரி," என்றார் அக்கா. "அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

காற்றைச் சொட்டில் அளப்பார்களா என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த வாரமே குணாவை இழுத்துக்கொண்டு காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் வாங்க ஒரு பேரங்காடியில் இருந்த மின்சாதனக் கடைக்குப் போனேன். சேகர் என்ற விற்பனையாளர் சிரித்த முகத்தோடு வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். (கடைக்காரர்களுக்கு மட்டும் நான் பிறந்ததிலிருந்தே அக்காதான்.)

"ஏர் பியூரிஃபையரா அக்கா? எந்த ரூமுக்கு?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்குன்னா, வீட்டுல எந்த ரூமுக்கு? அளவு பாத்துத்தான் எடுக்கணும்."

"பெருசா ஒண்ணு குடுங்க. அத விடுங்க, இதுல வடிகட்டி எந்த வகை? எவ்வளவு சின்னத் துகள் வரைக்கும் பிடிக்கும்? யாரு சோதிச்சா? அந்தச் சான்றிதழக் காட்டுங்க."

சேகர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு மெஷினைக் காட்டி, இது ஏதோ வாயு விட்டுக் கிருமியைக் கொல்லும் என்றார். அந்த வாயுவைப் பிள்ளை மூச்சு விடலாமா என்று கேட்டேன். வேறொன்றைக் காட்டினார். வடிகட்டிக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நீங்க கவர்மெண்டுலருந்து வந்திருக்கீங்களா?" என்றார்.

நியாயமாகச் சொன்னால், அந்தக் கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். நான் கடைசியாக எடுத்த பியூரிஃபையரும் நல்ல சாமான்தான். முன்பக்கம் ஒரு விளக்கு உண்டு. காற்று சுத்தமாக இருந்தால் நீலம், அழுக்காக இருந்தால் சிவப்பு. அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் என்னால் ஒரு மெஷினோடு நிற்க முடியவில்லை. ஈரம் உறிஞ்சுகிற மெஷின் ஒன்றும் வாங்கினேன். பக்கத்திலேயே ஈரம் ஊதுகிற மெஷின் ஒன்று வெள்ளையாகப் புகை விட்டுக்கொண்டு அழகாக நின்றது. வறண்ட காற்று பிள்ளைகளுக்கு ஆகாது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ போட்டிருந்தது ஞாபகம் வந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன்.

யோசித்துப் பாருங்கள். இது பினாங்கு. இங்கே உப்பு டப்பாவில் கரண்டியை விட்டால் மொத்த உப்பும் கரண்டியோடு மேலே வரும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் வறண்ட காற்றுக்குப் பயந்திருக்கிறேன்.

குணா மெதுவாகக் கேட்டார். "மல்லி, ஒண்ணு ஈரத்த எடுக்குது, ஒண்ணு ஈரத்தப் போடுது. ரெண்டையும் ஒரே ஹால்ல வச்சா?"

"எங்க ஃபேக்டரியில ரெண்டும் இருக்கு."

"அங்க எது எப்ப ஓடணும்னு யாரு சொல்லுவா?"

"அதுவா ஓடும்."

அதுவாக ஓடவில்லை. அதற்கென்று மாடியில் ஒரு பெரிய கட்டுப்பாட்டு அறையும், அதில் இன்ஜினியர்களும் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கமே போனதில்லை. கீழே நின்று காற்றை அளப்பது மட்டும்தான் என் வேலை. சமைக்கத் தெரியாமல் உப்புப் பார்க்க மட்டும் தெரிந்தவள் ஓட்டல் வைத்த மாதிரிதான். சேகரைக் கேட்டதற்கு, "ரெண்டும் எடுத்துக்குங்க அக்கா, ரெண்டுமே நல்லா போகுது" என்றார். நான் குணாவைப் பார்த்த பார்வையில் வெற்றி வழிந்தது.

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீடு பழைய வரிசை வீடு. ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் பூவேலை செய்த காற்றுத் துவாரங்கள் உண்டு. அந்தக் காலத்தில் கட்டியவர்கள் காரணமாகத்தான் வைத்திருப்பார்கள். எனக்கு அவை ஓட்டையாகத் தெரிந்தன. கிளீன்ரூமில் ஏது ஓட்டை? அகலமான டேப் வாங்கி எல்லாத் துவாரத்தையும் அடைத்தேன். ஜன்னல்களைச் சாத்தி ஓரமெல்லாம் ஒட்டினேன். பியூரிஃபையரை ஹாலின் நடுவே நிறுத்தினேன். அதற்கு இடது பக்கம் உறிஞ்சுகிறது, வலது பக்கம் ஊதுகிறது. ஏர்கான் என்கிற குளிர்சாதனத்தையும் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். விளக்கு நீலமாக எரிந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் உறிஞ்சுகிற மெஷினின் தொட்டி நிரம்பியிருந்தது. "பாத்தீங்களா, நம்ம வீட்டுல எவ்வளவு ஈரம். நான் மட்டும் வாங்கலன்னா இவ்வளவும் புள்ள நெஞ்சுக்குள்ளதான் போயிருக்கும்" என்று குணாவிடம் தூக்கிக் காட்டினேன். ஊதுகிற மெஷினைப் பார்த்தால் அது காலி. கையில் ஒரு தொட்டித் தண்ணீர் இருக்கும்போது குழாய்க்கு எதற்குப் போக வேண்டும் என்று அதை எடுத்து இதில் ஊற்றினேன். (சிக்கனம் எங்கள் குடும்பத்தில் தலைமுறையாக வருவது.) அதிலிருந்து தினமும் இதே வேலை. தொட்டி தினமும் நிரம்பியது, நானும் தினமும் பெருமைப்பட்டேன்.

ஆனால் யாழினிக்கு இழுப்பு குறையவில்லை. சில நாள் அதிகமாகவே இருந்தது. வீட்டுக்குள் நனைந்த துணி வாடை ஒன்றும் வந்தது. எங்கோ இன்னும் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக வெளிக்காற்று வருகிறது என்று முடிவு செய்தேன். இன்னும் டேப் ஒட்டினேன். குணா ஒருநாள், "ஜன்னல ஒரு தடவ தொறந்து பாப்பமா?" என்றார். தீபாவளி நெருங்கிவிட்ட நேரத்தில் இப்படிப் பேசுகிறவரோடு எப்படி வாழ்வது என்று கேட்டேன். அவர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன்டி. அது மட்டும் சத்தியமாக நிஜம். மற்ற எல்லாவற்றிலும்தான் எனக்குக் கோளாறு.

தீபாவளியும் வந்தது. எங்கள் ஊரில் தீபாவளி என்றால் திறந்த இல்ல உபசரிப்பு. கதவைத் திறந்து வைத்துவிட்டால் மலாய்க்காரர், சீனர், தமிழர், அலுவலகக் கூட்டம், அக்கம்பக்கம் எல்லாரும் வருவார்கள். எனக்கோ கதவைத் திறந்தால் தூசி வந்துவிடுமே என்ற கவலை. அதனால் வாசலிலேயே ஏற்பாடு செய்தேன். முதலில் ஓர் ஒட்டுப் பாய். கிளீன்ரூம் வாசலில் போடுவது, மேல்பக்கம் பசை இருக்கும், மிதித்தால் பாதத்துத் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து ஒரு கூடையில் காகிதச் செருப்பு. அதற்கடுத்த கூடையில் வலைத் தொப்பி. (எல்லாம் ஆன்லைனில் சொந்தக் காசில் வாங்கியவை. என் சூப்பர்வைசர் இதைப் படித்தால் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.) வாசலில் நானே நின்றேன். புதுச் சேலை, தலை நிறையப் பூ, பூவுக்கு மேல் வலைத் தொப்பி.

முதலில் வந்தவர் என்னோடு வேலை பார்க்கிற ரோஹானி. நல்ல நாளும் அதுவுமாக விருந்து சாப்பிட வந்த மனுஷி, ஒட்டுப் பாயையும் தொப்பியையும் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாசலில் ஒரு சுற்று சுற்றினார். பக்கத்து வீட்டு லிம் அம்மா பின்னாலேயே வந்தவர், இது தமிழர் பண்டிகையில் ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டு, அவரும் கையைத் தூக்கிக்கொண்டு பயபக்தியோடு ஒரு சுற்று சுற்றினார். அவருக்குப் பின்னால் வந்த குணாவின் வங்கி நண்பர்களும் சுற்றினார்கள்.

பிறகு புஷ்பா அக்கா வந்தார். மாம்பழக் கலர் பட்டுச் சேலை, இரண்டு முழம் மல்லிகை, கழுத்து நிறையப் பவுடர், அதற்கு மேல் சென்ட். கையில் முறுக்கு டின். தொப்பியை நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பூ நசுங்கிடும்" என்று தள்ளிவிட்டு உள்ளே போனார். ஹாலின் நடுவே, பியூரிஃபையருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியது. மெஷின் விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தது.

"ஏன் இது என்னைப் பாத்து செவக்குது?" என்றார் அக்கா.

"உங்களப் பாத்து இல்லக்கா. அது சும்மா…"

அக்கா எழுந்து மூலைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் நீலம். சந்தேகம் தீரத் திரும்பி வந்து உட்கார்ந்தார். சிவப்பு. வந்திருந்த பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போய்விட்டது. ஆளுக்கொருவராக மெஷின் பக்கத்தில் போய் நின்று தங்கள் கலரைப் பார்த்தார்கள். "அத்தைதான் ஆகச் செவப்பு" என்று யாழினி தீர்ப்புச் சொன்னாள். சென்ட்டும் பவுடரும் பட்டால் எந்த மெஷினும் அப்படித்தான் காட்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். சிரிப்புச் சத்தத்தில் என் விளக்கம் யாருக்கும் கேட்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக நான் உறிஞ்சுகிற மெஷினின் தொட்டியை உருவினேன். நிரம்பியிருந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று தூக்கிக் காட்டிவிட்டு, ஊதுகிற மெஷினில் ஊற்றினேன்.

"என்ன பண்ற?" என்றார் அக்கா.

"தண்ணிய வீணாக்கக் கூடாதுல்லக்கா."

"அதுலருந்து எடுத்து இதுல ஊத்துற."

"ஆமா."

"இது அத ஊதி வெளிய விடுது."

"ஆமா."

"அத அது மறுபடியும் குடிக்குது."

குணா கூரையைப் பார்த்தார்.

"ஆமா," என்றேன்.

"இத்தன நாளா ஒரே தண்ணியவா சுத்தவிட்டுக்கிட்டு இருக்க?"

பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது. பூமி பிளக்கவில்லை, அதற்குப் பதில் கரண்ட் போனது. ஏர்கான், மூன்று மெஷின், பின்கட்டில் கரண்டுச் சோற்றுப் பானை, இதோடு யாரோ தேநீருக்கு மின்கெட்டிலில் தண்ணீர் சுட வைத்ததும் பழைய வீட்டு வயரிங் கும்பிடு போட்டுவிட்டது. மெஷின்கள் எல்லாம் ஒன்றாக அடங்கின. அடைத்து வைத்த வீட்டுக்குள் அத்தனை பேர். சுடச்சுட ஆட்டிறைச்சிப் பிரட்டல் வேறு. கொஞ்ச நேரத்தில் எல்லார் நெற்றியிலும் வியர்வை. ரோஹானி ஒரு ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. லிம் அம்மா இன்னொன்றைத் தள்ளினார். நான் ஒட்டிய டேப் அப்படி. வேலையில் குறை சொல்ல முடியாது.

"வெளிய போவோம், புள்ளைக்கு மூச்சு முட்டப் போவுது" என்று அக்கா யாழினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு விரைந்தார். வாசலில் ஒட்டுப் பாய். சேலைக் கரை அதில் ஒட்டிக்கொண்டது. அக்கா ஒரு காலை எடுத்தார், பாயும் கூடவே வந்தது. பின்னால் வந்தவர்கள் அவர்மேல் மோதி நின்றார்கள். குணா குனிந்து தன் அக்காவின் பட்டுச் சேலையைப் பசையிலிருந்து அங்குலம் அங்குலமாகப் பிய்த்தெடுத்தார். ஒரு வழியாக எல்லாரும் வெளியே போய்ச் சேர்ந்தார்கள்.

யாழினி இருமினாள். இருமல் நிற்காமல் இழுப்பாக மாறியது. வாசற்படியில் உட்கார வைத்து இன்ஹேலர் கொடுத்தோம். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். தைப்பிங்.

நான் உள்ளே ஓடினேன். பைத்தியம் பிடித்த மாதிரி டேப்பைப் பிய்த்தேன். ஜன்னல் ஓரம், துவாரங்கள், எல்லாம். முதல் துவாரத்து டேப் சுவர்ச் சுண்ணாம்போடு உரிந்து வந்தது. அதற்கு அடியில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். அடுத்ததிலும் பூசணம். திரைச்சீலைக்குப் பின்னால் சுவர் முழுக்க, யாரோ மை தெளித்த மாதிரிப் பூசணம். தினமும் ஒரே தண்ணீரை ஊதி, அடைத்த வீட்டுக்குள் நானே பயிர் செய்திருக்கிறேன். பிள்ளைக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்று ராப்பகலாகப் பாடுபட்டவள், பிள்ளைக்கு எது ஆகாதோ அதைத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன். டேப் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். தலையில் அந்தத் தொப்பி அப்படியே இருந்தது.

அக்கா உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "யாழினி துணி அலமாரி எந்த ரூம்ல இருக்கு?" என்றார்.

எங்கிருந்து தெம்பு வந்ததோ, எழுந்து அறை வாசலில் குறுக்கே நின்றேன்.

"அக்கா, பேச்சு மாறக்கூடாதுன்னு சொன்னீங்க. நான் மாறுறேன். புள்ளைய அனுப்ப மாட்டேன். மல்லிகா வாய்ப்பேச்சுக்காரின்னு தைப்பிங் முழுக்கச் சொல்லுங்க, பரவால்ல. சுவத்த இடிச்சாவது இந்த வீட்ட சரி பண்றேன். ஆனா அனுப்ப மாட்டேன்."

"யாரு இப்ப கூட்டிட்டுப் போறேன்னா?" என்றார் அக்கா. "ஹால்லயே இப்படின்னா அலமாரிக்குப் பின்னால எப்படி இருக்கும்னு பாக்க வேணாமா? தள்ளு."

நான் தள்ளி நின்றேன். அக்கா அலமாரியின் ஒரு பக்கம் பிடித்தார், நான் மறுபக்கம் பிடித்தேன். பின்னால் ஹாலைவிட மோசம். பிறகு அக்கா தலையிலிருந்த மல்லிகையைக் கழற்றிச் சாமி படத்துக்கு மாட்டினார். சேலையைத் தூக்கிச் செருகினார். கூடையிலிருந்து தானாகவே ஒரு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "முகமூடி இருக்கா உன் ஃபேக்டரிக் கடையில?" என்றார்.

இருந்தது. குணா யாழினியை லிம் அம்மா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். விருந்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்றபடியே சாப்பிட்டார்கள். உள்ளே நானும் அக்காவும் ரோஹானியும் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகச் சுவரைத் தேய்த்தோம். தீபாவளிக்கு எல்லார் வீட்டிலும் பலகாரம் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுத் தீபாவளிப் படத்தில் மூன்று பேர் முகமூடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறோம். யார் யார் என்று அடையாளம் தெரியாது. பட்டுச் சேலை மட்டும் அக்கா.

சாயங்காலம் கிளம்புவார் என்று பார்த்தேன். அக்கா சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது காயட்டும். இத நம்பி புள்ளைய விட்டுட்டுப் போக முடியாது. சுவரு காயற வரைக்கும் இருக்கேன்" என்றார்.

பினாங்கில் என்றைக்குச் சுவர் காய்ந்திருக்கிறது? யாழினி முதலாம் ஆண்டு டத்தோ கிராமாட்டிலிருந்துதான் பள்ளிக்குப் போனாள். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அக்கா இன்னமும் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இல்ல, ஈரம் இருக்கு" என்கிறார்.

மெஷின்களுக்கும் ஒரு வழி பிறந்தது. பியூரிஃபையர் ஹாலை விட்டு யாழினி படுக்கிற அறைக்குப் போனது. அந்த அறை அளவுக்கு அது தாராளம். (சேகர் முதல் கேள்வியாகக் கேட்டது அதைத்தான், நான்தான் கவனிக்கவில்லை.) உறிஞ்சுகிறது மழைக்காலத்தில் மட்டும் ஓடும், தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகும். ஊதுகிறதை ரோஹானி தன் ஆர்க்கிட் செடிகளுக்கு வாங்கிக்கொண்டு போனார், அவை நன்றாகப் பூக்கின்றன. அடுப்படிச் சுவரில் துளை போட்டுப் புகையை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்று மாட்டினோம். எல்லாவற்றிலும் உருப்படியான செலவு அதுதான். மற்றபடி அக்கா காலையில் எழுந்ததும் எல்லா ஜன்னலையும் படார் படாரென்று திறப்பார், புகைமூட்டம் என்றால் மூடுவார். எதைத் திறக்க, எதைச் சாத்த, எந்த மெஷின் எப்போது ஓட வேண்டும், எல்லாம் அவர் கையில். யாழினிக்கு இழுப்பு வருவது அபூர்வமாகிவிட்டது. நான் சண்டை போடாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். திறக்கிற ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை உண்டு. மீன் பொரிக்கிற நாளில் இரண்டு.

போன மாதம் தைப்பிங் வீட்டில் கூரை ஒழுகுகிறது என்று அக்கா கிளம்பிப் போனார். வீடு அமைதியாகிவிட்டது. யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. ஜன்னலை நானே என் இஷ்டத்துக்குத் திறந்தேன், என் இஷ்டத்துக்குச் சாத்தினேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன், பிறகு ஃபோன் போட்டேன்.

"அக்கா, எப்ப வர்றீங்க?"

"ஏன், புள்ளைக்கு இழுக்குதா?"

"இல்லக்கா. அவ நல்லாத்தான் இருக்கா."

"குணாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"அவருக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காரு."

"பின்ன என்ன?"

"எனக்குத்தான் ஒரு மாதிரி மூச்சு முட்டுது" என்றேன்.

"ஜன்னலத் தொற," என்றார் அக்கா. "நாளைக்குக் காலையில பஸ் ஏறுறேன்."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், குணா பின்னால் நின்றுகொண்டிருந்தார். மனுஷன் இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் விடுவதில்லை. தேநீர் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறார்: "புள்ளைக்கு இழுக்குதுன்னு மூணு மெஷின் வாங்குனோம் லா. இப்ப புள்ள நல்லா இருக்கா. அக்கா ஊருக்குப் போனா மல்லிக்குத்தான் இழுக்குது."